மிச்சம் பிடித்தது இலாபமாகுமா?

பழைய சொத்தை மலிவாக வாங்குவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். திருத்த வேலைக்குக் காசு போடத்தான் கை வருவதில்லை. இத்தகையோருக்கு நான் எடுத்துச் சொல்வது அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணைக்கட்டின் கதையைத்தான்.

பென்சில்வேனியாவிலிருந்த அந்தப் பழைய மண் அணை, 1879இல் அமைந்த செல்வந்தர் கழகமொன்றின் கைக்கு வந்தது. மீன்பிடியும் படகோட்டமும்தான் நோக்கம். பெரும் தொழிலதிபர் கார்னகியும் அங்கத்தவர். அடியில் நீர் வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்திய உரிமையாளர் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். கழகம் புதிதாகப் போடவில்லை. வண்டிப் பாதைக்காக அணையின் உச்சியைத் தாழ்த்தியது. மீன் தப்பாதிருக்க வான் பாயும் வாயிலில் கம்பித் தடுப்பு வைத்தது. 1880இல் பொறியியலாளர் ஒருவர் எச்சரித்தும் பலனில்லை.

1889 மே 31இல் பெருமழை. தடுப்பைக் குப்பை அடைத்தது, அணை உடைந்தது. கீழே ஜோன்ஸ்டவுன் பகுதியில் 2,209 பேர் மாண்டனர். வழக்குத் தொடுத்தவர்களுக்குக் கழகத்திடமிருந்து ஒரு சதமும் கிடைக்கவில்லை.

சட்டம் விட்டதனால் கடன் தீர்ந்துவிடாது. இன்பம் மேலேயிருப்பவருக்கு, ஆபத்து கீழேயிருப்பவருக்கு என்றால் அது என்ன வியாபாரம்? அணையோ, கடை மாடியோ, வாங்குமுன் பொறியியலாளருக்குக் காட்டுங்கள். விற்பவர் எதைக் கழற்றினார் என்று கேளுங்கள். திருத்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.