பாதித் தெம்பு திரும்பி வருவதற்கு!

பனிச்சறுக்கு என்றதும் மலையுச்சியிலிருந்து அம்பு போலப் பாய்ந்து வரும் வீரர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால், ஏறக்குறைய சமதரையில் நடையும் சறுக்கலுமாகப் போகிற இன்னொரு வகையும் இருக்கிறது. அதுதான் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். பேரப்பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்தே போகலாம்.

இதைத் தொடங்க நல்ல இடம், கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் ‘கிரேட் டிவைட்’ தடம். 1885-ல் உருவான இந்தப் பூங்காதான் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. லேக் லூயிஸ் என்ற ஊரின் அருகே கிளம்பும் இந்தத் தடம், உண்மையில் ஒரு பழைய கார் சாலை. குளிர்காலத்தில் அங்கே கார்களுக்கு வழியில்லை. இருபுறமும் ஊசியிலை மரங்கள். ஏற்ற இறக்கம் குறைவு. சுமார் 7 கி.மீ. போனால் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களின் எல்லை வரும். அதற்கு ஒரு பக்கம் விழும் மழை பசிபிக் கடலுக்கும், மறுபக்கம் விழுவது ஹட்சன் விரிகுடாவுக்கும் போய்ச் சேரும்!

இயந்திரத்தால் பனியை அழுத்தி, இரண்டு நீளப் பள்ளங்கள் போட்டிருப்பார்கள். தண்டவாளத்தில் ரயில் போல ஸ்கீ அதில் ஓடும். ஷூவின் முன்பகுதி மட்டும்தான் ஸ்கீயோடு பூட்டியிருக்கும், குதிகாலைத் தூக்கலாம். ஒரு காலால் உந்தி, மறு காலில் சறுக்க வேண்டும். இறக்கம் வந்தால் ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். வெறும் ஷூவோடு பள்ளத்தில் நடக்கக் கூடாது. பின்னால் வருபவர் தடுக்கி விழுவார்.

கவனிக்க வேண்டியது இதுதான். ‘சுலபம்’ என்பது ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சொல்வது. தூரத்தைப் பற்றி அல்ல. 7 கி.மீ. போனால் அதே 7 கி.மீ. திரும்பவும் வேண்டும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உற்சாகத்தில் போய்க்கொண்டே இருந்தால், திரும்பும்போது களைப்பு, இருட்டு, குளிர் மூன்றும் சேர்ந்துகொள்ளும். மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். கூட்டத்தில் யார் மெதுவோ, அவர் களைப்பதற்கு முன்பே திரும்புங்கள்.

நமக்குப் பிடித்த பருத்தி உடை இங்கே உதவாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பை நடுங்கவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை உடைகளை மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். வியர்த்தால் ஒன்றைக் கழற்றுங்கள், நின்றால் மறுபடி போடுங்கள். வெந்நீர், ஏதாவது தின்பண்டம், ஒரு டார்ச் பையில் இருக்கட்டும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அருகிலுள்ள மொரைன் ஏரிச் சாலையிலும் சறுக்கலாம். ஆனால், பனிச்சரிவு அபாயம் இருப்பதால் ஏரிக்கு முன்பே சீரமைத்த தடம் முடிந்துவிடும். போட்டோவுக்காக அதைத் தாண்ட வேண்டாம்.

எல்லை வரை போக முடியவில்லையா? பரவாயில்லை. அடுத்த வருஷமும் அது அங்கேயேதான் இருக்கும்!