தேதியை யார் இட வேண்டும்?



ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் இறுதியில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதுண்டு. 'பார்த்திப வருடம்' என்று மட்டும் இருப்பின், அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் எந்தப் பார்த்திபம் அது என்னும் ஐயம் எழும். எழுதியவரே நாளையும் குறித்தார். சான்றுரைக்க வேறொருவர் இல்லை. கணினியிலும் நிலைமை இதுவே என்பதை, ஒரு மாணவனுக்கு அநீதி இழைத்த பின்னரே உணர்ந்தேன்.

புக்கிட் பாத்தோக்கில் என் வகுப்பு மாணவர் இருவர் தமிழ்ச் சொல் விளையாட்டு நிரல்களை ஒப்படைத்தனர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கிட் பதிவேட்டில் முந்தைய தேதி எவருடையதோ அவரே மூலத்தை எழுதியவர் எனத் தீர்ப்பளித்தேன். மற்றவன் மறுவாரம் வந்து, என் கண்முன்னே 1999ஆம் ஆண்டுத் தேதியுடன் ஒரு கமிட் செய்து காட்டினான். கிட் மென்பொருள் பிறந்ததே 2005இல்தான்!

கமிட்டில் உள்ள தேதி அவரவர் கணினிக் கடிகாரம் சொல்வது. ஒரே கட்டளையால் மாற்றத்தக்கது. மின்கையொப்பம் இட்டாலும் 'யார்' என்பதே உறுதியாகும். 'எப்போது' என்பது உறுதியாகாது.

இதற்குத் தீர்வு உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் அடையாள எண் உண்டு. ஓர் எழுத்து மாறினும் எண் மாறிவிடும். கட்டளை வரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் அவ்வெண்ணுக்கு ஒரு கோரிக்கை உருவாக்கி, நேரமுத்திரை வழங்கும் நிலையத்திற்கு அனுப்பினால், அந்நிலையம் தன் நேரத்தைச் சேர்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும். நம் படைப்பு நம்மிடமே இருக்கும். இதற்கான இணைய நெறிமுறை 2001இலேயே வெளிவந்துவிட்டது. ஹேபர், ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் 1991இலேயே இத்தகைய முறையை ஆராய்ந்து எழுதியுள்ளனர். அஞ்சல் முத்திரையைப் போன்றதே இது: நாளை இடுபவர் கடிதம் எழுதியவர் அல்லர்.

எனினும் இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். முத்திரை, 'இந்நேரத்திற்கு முன்பே இது இருந்தது' என்று மட்டுமே கூறும். எழுதியவர் எவர் என்று கூறாது. திருடியவன் முந்திக்கொண்டு முத்திரை பெறுதலும் கூடும்.

ஆகவே, போட்டிகளுக்கும் திட்டப்பணிகளுக்கும் படைப்புகளைப் பெறும் ஆசிரியர்கள் இம்முறையைக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெற்றோரும் கோப்பில் தெரியும் தேதியைக் காட்டிப் பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டவோ, பிள்ளைகளுக்காக வாதாடவோ வேண்டா.

பின்னர் இருவரையும் தனித்தனியே அழைத்து நிரலை விளக்கச் சொன்னேன். நான் குற்றவாளியாக்கியவனே வரிக்கு வரி விளக்கினான். வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.