அந்த உறை யார் கையில் இருந்தது?

நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் என்ன ஆகும்? இரண்டு நாளில் பூசணம் பூக்கும். இது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

பலாத்கார வழக்குகளிலும் இந்த ஆபத்து உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணின் உடலில் இருந்து டாக்டர் பஞ்சால் ஒற்றி எடுக்கும் மாதிரியும், அவர் உடுத்தியிருந்த துணியும்தான் முக்கிய சாட்சி. ஈரத்தோடு கட்டி வைத்தால் கிருமி பெருகி, அந்தச் சாட்சி அழிந்து போகும். ஆகவே நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில், 2011-ம் ஆண்டு மே மாதம் ஒரு காதல் ஜோடி கொல்லப்பட்டது. பெண் பலாத்காரம் செய்யப்பட்டதாகவும் வழக்கு. ஒருவர் கைதானார். கீழ்க்கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. ஆனால் 2025-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது!

டி.என்.ஏ. அறிக்கை அவருக்கு எதிராகத்தான் இருந்தது. ஆனால் மாதிரி ஆய்வுக்கூடம் போய்ச் சேர ஏன் தாமதம்? இடையில் யார் கையில் இருந்தது? சரியான பதில் இல்லை. அந்த அறிக்கையை நம்ப முடியாது என்றது கோர்ட்டு. வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன.

அவர் குற்றமற்றவர் என்றால், இத்தனை ஆண்டு தூக்குக்கயிற்றின் நிழலில் இருந்தது கொடுமை. அப்படியானால் கொன்றது யார்? பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு வீடுகளுக்கும் 14 ஆண்டு கழித்தும் பதில் கிடைக்கவில்லை.

அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் கட்டளை பிறந்தது. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் உறையைப் பிரிக்கக் கூடாது. கை மாறுவதை எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். ரேஷன் கடை அரிசி மூட்டைக்குக்கூட வரவு செலவுக் கணக்கு உண்டே! இதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டுமா?

கட்டளை மட்டும் போதாது. உறையைக் கொண்டு போக வண்டி வேண்டும், ஆள் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும். அந்தச் செலவுக்கு அரசு கணக்குப் பார்க்கக் கூடாது.

வீட்டாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகளுக்குக் கொடுமை நேர்ந்தால், குளிப்பாட்டித் துணியைத் துவைக்கத்தான் தாய்க்குத் தோன்றும். துவைக்கக் கூடாது. துணியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போலீசில் புகார் கொடுக்காவிட்டாலும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கலாம் என்கிறது மத்திய அரசின் 2014-ம் ஆண்டு வழிகாட்டி. பெண் குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போகலாம். துவைக்காத துணியிலும் சாட்சி இருக்கும்.