இல்லை என்றவரிடமே மறுபடியும்



நேற்று எங்கள் சபையில் வி.பி.எஸ். நிறைவு விழா. பத்து நாளும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் பொறுப்பு. மூட்டுவலியோடு வீடு வந்து சேர்ந்தால், என் தம்பி போன் போட்டு, "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்கிறான். அவனுக்கு நேற்றுச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறேன் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அவர்களிடம் படிக்கத்தான் போகிறேன் என்பது மூன்று வருஷத்துக்கு முன்புதான் புரிந்தது.

அந்த மே மாதம் எங்கள் வீட்டு சார் ஆஸ்பத்திரியில் இருந்தார். வி.பி.எஸ். பிள்ளைகள் தினமும் கைகூப்பி அவருக்காக ஜெபித்தார்கள். ஜூன் மாதம் சார் போய்விட்டார். துக்கம் ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற கலக்கம் இன்னொரு பக்கம். "கேட்டால் இயேசப்பா கொடுப்பார்" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே! ஒரு மாதம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் முழங்கால் போட்டாலும் ஜெபம் வரவில்லை.

திரும்பப் போன அன்று ஆறு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். "டீச்சர், நாங்க ஜெபம் பண்ணியும் சாருக்கு சொகமாகலியே?" என்றான். "ஆமாப்பா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இயேசப்பா, டீச்சரோட கால்வலிய நல்லாக்குங்க" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

இல்லை என்று சொன்னவரிடமே மறுபடியும் போய்க் கேட்கிறான்! எனக்கு வராதது அவனுக்கு வந்தது.

பிள்ளைகளைப் போல மாறவேண்டும் என்று மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். கள்ளம் கபடம் இல்லாமல் இருப்பது என்றே விளக்கம் சொல்வேன். பிள்ளைகள் கபடம் இல்லாதவர்கள் என்று எந்த ஒன்றாம் வகுப்பு டீச்சரும் சத்தியம் பண்ணமாட்டார்! ஐஸ் கேட்டு அழுது, அம்மாவிடம் அடியும் வாங்கிய பிள்ளை, ராத்திரி அதே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். கேட்டது கிடைக்காத பிறகும் அந்த மடியைவிட்டுப் போகாமல் இருப்பதுதான் பிள்ளையின் விசுவாசம் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரை உங்களில் பலருக்குத் தெரியும். அதை நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்தான். 1895-ல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அப்படித் தொடங்கிய ஊழியத்தில் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். தேவைகளை மனிதரிடம் கேட்காமல் கடவுளிடம் மட்டும் கேட்பது அங்கே வழக்கம். 1931-ல் விழுந்து அடிபட்ட அம்மையார், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். நீலக் கண்ணும் கிடைக்கவில்லை, எழுந்து நடக்கிற சுகமும் கிடைக்கவில்லை. அந்த அறையில் இருந்தபடியே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார்.

அதனால் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஜெபித்தால் பரிட்சையில் முதல் மார்க், ஜெபித்தால் சைக்கிள்" என்று கதை சொல்லாதீர்கள். கிடைக்காத அன்று அந்தப் பிள்ளை எங்கே போகும்? இல்லை என்பதும் அப்பா சொல்லும் பதில்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறுவர்களை இடறச் செய்கிறவர்களுக்கான கடுமையான எச்சரிக்கையும் அதே 18-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. பிள்ளை முதலில் நம்புவது நம்மைத்தான். நாளைக்குக் கதை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனால்கூட அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழும். என் மாணவர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறீர்கள். இன்று நீங்களும் அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். இந்தப் பொறுப்பு எல்லாருக்கும் பொதுதான்.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். கால்வலி இன்னும் நல்லாகவில்லை. அந்தப் பையன் இப்போது நாலாம் வகுப்பு போகப்போகிறான். நேற்றும் எனக்காக ஜெபித்தான். நானும் கூடவே "ஆமென்" சொன்னேன். அடுத்த மே மாதமும் போவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்