நூற்றிருபது கல நெல்

வைகாசி மாதத்தில், வெடிப்பு விட்டுக் கிடக்கும் வயல்கள் மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் நாட்களில், தஞ்சாவூர் செல்லும் முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காக விடியற்காலையில் திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து நிலையத்துக்கு வருகிறவர்கள், ஒரு தகரப் பெட்டியையும் துணி சுற்றிய ஆர்மோனியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரியாகக் கழுவப்படாத அரிதாரம் காதோரத்தில் இன்னும் ஒட்டியிருக்க, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருக்கும் மூன்று நான்கு பேரை எப்போதாவது பார்த்திருக்கக்கூடும். முதல்நாள் இரவு சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடித்தவர்கள் அவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி அமர்ந்திருந்த ஸ்திரீபார்ட் அம்மையார் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். "ஆடுன ராத்திரிக்குத்தான் தம்பி சம்பளம். ஆடி போச்சுன்னா தை வரைக்கும் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பாடு" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. மழைக்காலம் வந்தால் குளிரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது அந்த வருத்தமின்மைதான்.

ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கும் இந்தக் கலையின் விசித்திரத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) பாடம் எழுதிப் பையன்களைப் பயிற்றுவித்த காலத்தில் நடிகன் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவன். அடியும் பட்டினியும் உண்டென்றாலும் ஒரு கூரையும் இருந்தது. சினிமா வந்து கம்பெனிகள் கலைந்த பிறகு சுவாமிகளின் பாடங்கள் பொதுச்சொத்தாக நின்றுவிட, இன்று ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஆளுக்கொரு திசையிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி, சில சமயம் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாக ஒப்பனைக் கொட்டகையிலேயே கண்டு, ஒத்திகை ஏதுமின்றி, தினைப்புனத்தில் வேலனும் வள்ளியும் நடத்தும் தர்க்கத்தைச் சுருதி பிசகாமல், சமயோசிதமாக, பொழுது புலரும்வரை நடத்திக் காட்டுகிறார்கள். இந்தத் திறமைக்கு ஈடானது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் யாருக்கும் ஊழியர் அல்லாத இவர்களுக்குச் சேமநிதி இல்லை, விடுப்பு இல்லை, நோயுற்றால் கேட்பாரில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நாடு முழுவதும் பல தொழில்கள் நின்றன என்பது உண்மையே. எனினும், பங்குனி முதல் ஆடிவரை வரும் திருவிழாக் கூலியைக் கொண்டே ஆண்டு முழுதும் ஜீவனம் நடத்துகிறவர்களுக்கு நின்றது சில மாத வருமானம் அன்று, ஒரு வருஷத்து வருமானம்.

நவீன நாடகக்காரர்களின் நிலையும் வேறன்று. மாயவரத்துக்கு அருகே புஞ்சை கிராமத்தில் 1936-ல் பிறந்த ந. முத்துசாமி, தாம் பிறந்த காவிரிக்கரையின் நினைவுகளையே எழுத்தாக்கியவர் என்றாலும், 1977-ல் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவை உருவாக்கியது சென்னையில்தான். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-ல் தோன்றி, அதன் நாடகத்துறையில் சே. இராமானுஜம் போன்ற பேராசிரியர்கள் ஒரு தலைமுறைக்கே கற்பித்தார்கள். அப்படிக் கற்றவர்களுக்கு ஆற்றுப்படுகை ஊர்களில் ஒரு மேடையும், ஆறு மாதம் ஒத்திகை பார்ப்பதற்கான ஜீவனோபாயமும் அமைந்திருந்தால், தங்கள் ஊரின் மொழியிலும் தங்கள் ஊரின் வழக்குகளைப் பற்றியும் நாடகம் செய்யும் குழுக்கள் இன்று பூதலூரிலும் பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் வேரூன்றியிருக்கும்.

இத்தனைக்கும், நடிகனுக்கு ஊர் எப்படிச் சோறிட வேண்டும் என்பதை இந்தியாவுக்கே கல்லில் எழுதிக் காட்டிய பிரதேசம் இது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழ மன்னன் இரண்டாம் இராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 1057-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசிப் பெருந்திருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற விஜயராஜேந்திர ஆசாரியன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, ஆண்டுதோறும் 120 கலம் நெல் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஆணை. அவனுக்குப் பின் அவன் வம்சத்தாருக்கும் அது தொடர வேண்டும். அந்த நாடகத்தின் ஓர் ஏடுகூட நமக்குக் கிடைக்கவில்லை. நாடகம் அழிந்துவிட்டது, நெற்கணக்கு மட்டும் நிற்கிறது. பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். எந்த மரக்காலால் அளப்பது என்பதைக்கூடக் குறிப்பிட்டிருக்கும் அந்த அக்கறையைக் கவனிக்க வேண்டும்: அளக்கிறவன் சிறிய மரக்காலை எடுத்துக் கூத்தனை வஞ்சித்துவிடாதபடி அரசாங்கம் காவல் வைத்திருக்கிறது. திருவிழா சில நாட்கள்தான், நெல்லோ ஆண்டுக்கணக்கில். ஆடாத நாட்களிலும் கூத்தன் உண்ண வேண்டும், பயில வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை அவ்வாணை உணர்ந்திருந்தது. பஸ் நிலையத்து அம்மையார் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விடை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தை நான் பூஜிக்கவில்லை. வம்சத்துக்கென்று எழுதிய உரிமை, வம்சத்துக்கென்று எழுதிய விலங்கும் ஆகலாம். நம் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஊர்த் தொழிலாளிகளுக்கு ஒதுக்கிய பங்குக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர் வழங்கிற்று. அது அவர்களுக்கு உரிமையாக இருந்த அளவே ஜாதியின் கட்டாகவும் இருந்தது. அந்தக் கட்டு ஒழிந்தது நல்லதே. கட்டோடு சேர்த்துப் பங்கையும் அறுத்துவிட்டோமே என்பதுதான் என் முறையீடு. சுதந்திரக் கலைஞர்கள் என்று இன்று நாம் அழைக்கிறவர்களுக்கு அந்தப் பழைய பொருளில் ஒரு சுதந்திரம், அதாவது விளைச்சலில் ஒரு பங்கு, இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். கலைமாமணி விருது இருக்கிறது. 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. ஒவ்வொன்றும் தேவையானது. ஆயினும் இவற்றின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், புகழின் உச்சியில் ஒரு மாலையும், உடல் தளர்ந்தபின் ஒரு கவளமும் கிடைக்கின்றனவே தவிர, இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தைந்து வரை, கலைஞன் உண்மையிலேயே கலைஞனாக உழைக்கும் காலத்தில், அந்த உழைப்புக்கென்று நிலையான வருவாய் ஏதும் இல்லை. நலிந்தவன் என்று நிரூபித்தால் உதவி. நலியாமல் இருப்பதற்கு உதவி இல்லை. மத்திய அரசின் நாடகக் குழு மானியங்களோ பதிவுபெற்ற சங்கங்களுக்கானவை. தணிக்கைக் கணக்கும் ஆண்டறிக்கையும் விண்ணப்பப் படிவமும் கேட்பவை. ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டில் ஒத்திகை நடத்தும் நான்கு இளைஞர்களால் அந்த வாசலை அணுக முடிவதில்லை.

வேறிடங்களில் முடிந்திருக்கிறது. கர்நாடகத்தில் சாகர் வட்டத்திலுள்ள ஹெக்கோடு, பாக்கு விவசாயிகளின் சிற்றூர். அங்கே 1949-ல் தொடங்கிய நீநாசம் என்னும் நாடகச் சங்கம், கே.வி. சுப்பண்ணாவின் பிரயத்தனத்தால் வளர்ந்து, 1980-ல் ஒரு நாடகப் பள்ளியையும், 1985-ல் 'திருகாட்ட' என்னும் ஊர்சுற்றும் நாடகக் குழுவையும் அமைத்தது. அந்தக் குழுவின் நடிகர்கள் ஊதியம் பெற்றுக்கொண்டு புது நாடகங்களைப் பயின்று கன்னட நாடெங்கும் ஊர் ஊராக எடுத்துச் செல்கிறார்கள். பாக்குத் தோட்டத்தால் இயன்றது நெல்வயலால் இயலாதா? அயர்லாந்து தேசம் 2022-ல் 2,000 கலைஞர்களுக்கு வாரந்தோறும் 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுத்துப் பரீட்சை செய்தது. பிரான்சில் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டும் மேடைக் கலைஞர், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை பெறுகிறார். வேலைகளுக்கு இடைப்பட்ட காலமும் அவர் தொழிலின் ஒரு பகுதியே என்பதை அந்நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். திருக்காட்டுப்பள்ளிப் பேரூராட்சியும் இதுபோன்ற பிற பேரூராட்சிகளும் ஆளுக்கொரு நாடகக் குழுவை மூன்றாண்டுக்கு ஏற்று, மாதச் சம்மானம் ஒன்று நிச்சயித்து, பதிலாக ஆண்டுக்கு ஒரு புது நாடகமும், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சியும் கேட்கலாம். விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கூடத்தை மாலையில் ஒத்திகைக்குத் திறந்துவிடச் செலவு ஏதுமில்லை. தஞ்சையில் 1986-ல் அமைந்த தென்னகப் பண்பாட்டு மையம், இந்தக் குழுக்களுக்குப் படிவங்களை நிரப்பித் தருவதற்கென்றே ஓர் அலுவலரை வட்டந்தோறும் அனுப்பலாம். சாலையும் சாக்கடையும் இருக்க நாடகம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாக்கடை ஏன் அடைபட்டது என்று ஊர் நடுவே நின்று, ஊரார் சிரித்துக்கொண்டே யோசிக்கும்படி கேட்கக்கூடியவன் பபூன் ஒருவனே என்பதை, ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அரசாங்கத்தின் முடிவுக்குக் காத்திராமல் நாமே தொடங்கக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. திருவிழாக் கமிட்டிகளின் வரவுசெலவு நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பந்தல், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, வாணவேடிக்கை என்று வரிசையாக எழுதி, மிச்சம் உள்ளதில் பேரம் பேசி நாடகத்துக்கு ஒதுக்குவதே வழக்கம். வருகிற ஆண்டு நோட்டுப் போடும்போது, நாடகக்காரர்களின் சம்பளத்தையும், இரவுச் சாப்பாட்டையும், போக வரப் பஸ் செலவையும், மழையால் நாடகம் நின்றாலும் திரும்பக் கேட்கப்படாத முன்பணத்தையும் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியாக எழுதிவிட்டு, சீரியல் விளக்கை மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.