தரச்சான்று கல்லூரிக்கா, படிப்புக்கா?

மே மாதம் வந்துவிட்டால் நீலகிரி மலையில் உள்ள மஞ்சூர் கடைவீதியில் சமவெளிக் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடும். எல்லாவற்றிலும் ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற சொல் இருக்கும். கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, காரமடைக்கும் கோவைக்கும் போய்த் தன் பிள்ளையைக் கணினி அறிவியலில் சேர்க்கப்போகும் சிறு தேயிலை விவசாயிக்கு அந்த ஒரு சொல்தான் பிடிமானம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான்கு வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. கொடுப்பது படிப்பை நடத்துவதற்கான ஒப்புதல். அண்ணா பல்கலைக்கழகம் கொடுப்பது இணைவு. இந்த இரண்டும் கதவைத் திறப்பதற்கான அனுமதிகளே. தரத்துக்கு அத்தாட்சி அல்ல. ‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு, கல்லூரி முழுவதையும் பார்த்துத் தரநிலை சொல்கிறது. அந்தக் கல்லூரியின் கணினித் துறை எப்படி என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு குறிப்பிட்ட படிப்பைத் தனியே எடுத்து ஆராய்வது, என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம். 1994இல் தொடங்கப்பட்டு 2010இல் தன்னாட்சி பெற்ற இவ்வாரியம், பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் நிரந்தர உறுப்பினரானது. அதிலும் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் வாங்கும் முதல் அடுக்குச் சான்றுக்குத்தான் அந்த உடன்படிக்கை பொருந்தும். சாதாரண இணைவுக் கல்லூரிகள் வாங்கும் இரண்டாம் அடுக்குச் சான்றுக்குப் பொருந்தாது. சேர்க்கை அலுவலகத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினி அறிவியல் பொறியியலுக்கு வாங்கிய சான்று, அதே கட்டடத்தில் நடக்கும் ‘செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்’ படிப்புக்குச் செல்லாது. இரண்டு அணி மாணவர்கள் படித்து முடித்த பிறகே ஒரு படிப்பு என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முடியும். அதாவது, புதிதாகத் தொடங்கிய பிரிவு குறைந்தது ஐந்து ஆண்டுகள் சான்றில்லாமல்தான் ஓடும். பெற்றோர் அதிக ஆசையோடு தேடுவது இந்தப் புதுப் பெயர்களைத்தான். நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பும் 2024-25இல் நீங்கிவிட்டது. இடங்கள் பெருகும் வேகத்தில் பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் பெருகவில்லை.

ஆசிரியர் பற்றாக்குறை என்ன செய்ய வைக்கும் என்பதை 2024 ஜூலையில் பார்த்தோம். அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற 224 கல்லூரிகளில், 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே சமயத்தில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் உயர் தரநிலைக்காக லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. ஆய்வு என்பது காகிதத்தைப் பார்ப்பதாகச் சுருங்கினால் காகிதம்தான் தயாராகும். என்.பி.ஏ. வருகைக்கு முந்தைய மாதங்களில் பல துறைகளில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடத்தின் விளைவும் படிப்பின் விளைவுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கட்டம் போட்டு 1, 2, 3 என நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆய்வகத்தில் மாணவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பவர் கொதிநீர் ஊற்றி, வாயில் வைத்துப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார். தொழிற்சாலையின் பதிவேடு அழகாக இருக்கிறது என்பதற்காகக் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. கணினிப் படிப்பையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் குழு தானே தேர்ந்தெடுத்த மூன்றாமாண்டு மாணவர்கள் இருபது பேரை உட்காரவைத்து, ஒரு சின்ன நிரலை எழுதச் சொல்லட்டும். அதில் வரும் பிழையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நூறு கோப்புகள் மறைப்பதை அந்த இரண்டு மணி நேரம் சொல்லிவிடும்.

மலையில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் சேர்வது பொறியியலில் அல்ல. கலை அறிவியல் கல்லூரிகளின் பி.எஸ்சி. கணினி அறிவியலில். அங்கே நிலைமை இன்னும் மோசம். அந்தப் படிப்பு என்.பி.ஏ.வின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. கல்லூரியின் நாக் தரநிலையே கதி. 2024-25 முதல் பி.சி.ஏ. ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்திருக்கிறது. பி.எஸ்சி. வெளியே நிற்கிறது. இரண்டு பட்டதாரிகளும் போய் நிற்பது ஒரே வேலைச் சந்தையில்தான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டை 2021இல் கொண்டுவந்து, அவர்களின் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்றுக்கொண்டது. மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு. பணம் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. கலந்தாய்வில் மாணவர் விருப்பப் பட்டியல் நிரப்பும் திரையிலேயே, ஒவ்வொரு படிப்பின் பெயருக்கும் பக்கத்தில் அதற்கு என்.பி.ஏ. சான்று உண்டா, எந்த அடுக்கு, எந்தத் தேதி வரை என்பதை அரசு காட்ட வேண்டும். பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் படிப்பு அளவிலான ஆய்வைப் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும்.

அதுவரை பெற்றோர்தான் கேட்க வேண்டும். சான்று பெற்ற படிப்புகளின் பட்டியல் என்.பி.ஏ. இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. பணம் கட்டும் முன் உங்கள் பிள்ளை சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா, சான்று எந்த ஆண்டு முடிகிறது என்று பள்ளி ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள்.