மூழ்கிய கப்பல் கரையில் தெரிய வேண்டும்

கிராண்ட் ஸ்ட்ராட்டஜி விளையாட்டுகளில் கடற்போரை ஆட்டக்காரர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இருக்கிற கப்பல்களையெல்லாம் ஒரே அணியாகக் குவித்து ஏதோ ஒரு கடற்பகுதியில் விட்டுவிட்டு, தரைப்படையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இதை அவர்களுடைய சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. கடலில் நடப்பது தரையில் எதையும் மாற்றுவதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அது வடிவமைப்பாளர்களாகிய நம் குறை.

கடல் வல்லமை பற்றி 1890-இல் எழுதிய அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹான், எதிரியின் கப்பற்படையைப் பெரும் போரில் நொறுக்குவதை முதன்மையாக்கினார். கடற்பாதைகளை யார் பயன்படுத்த முடிகிறது என்பதே முக்கியம் என்று 1911-இல் பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றாசிரியர் கோர்பெட் வாதிட்டார். மஹானின் கடலை உருவாக்குவது நமக்கு எளிது: பீரங்கி, கவசம், வேகம், பகடை. கோர்பெட்டின் கடலுக்கோ பொருளாதாரம் முழுவதையும் கப்பலில் ஏற்ற வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களம் யார் சொன்னது பலித்தது என்று காட்டுகிறது. சுஷிமாவில் 1905-இல் பெற்ற வெற்றியை மனத்தில் வைத்து, ஜப்பான் இன்னொரு தீர்க்கமான மோதலுக்காகவே கடற்படையைக் கட்டியது. 46 செ.மீ. பீரங்கிகள் பூட்டிய யமட்டோ போர்க்கப்பல், குவாடல்கனால் போர் நடந்த மாதங்களில் ட்ரக் தீவில் நங்கூரமிட்டுக் கிடந்தது. வணிகக் கப்பல்களைக் காக்கத் தனித் தலைமையகம் 1943 நவம்பரில்தான் அமைந்தது. அமெரிக்கக் கடற்படையினரில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான நீர்மூழ்கிப் படையினர், ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் பாதிக்கு மேல் மூழ்கடித்தார்கள்.

அந்தப் போரையே களமாகக் கொண்ட, பாரடாக்ஸ் நிறுவனத்தின் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 விளையாட்டு இந்தப் பாடத்தை மெல்லக் கற்றது. 2016-இல் அது வெளிவந்தபோது எண்ணெய் தளவாட உற்பத்திக்கு மட்டுமே தேவைப்பட்டது. கட்டிய கப்பல் எவ்வளவு சுற்றினாலும் செலவில்லை. 2019 பிப்ரவரியில், ‘மேன் தி கன்ஸ்’ விரிவாக்கத்தோடு வந்த இலவசப் புதுப்பிப்பு எரிபொருளைக் கொண்டுவந்தது. பெரும் அணியைக் கடலில் நிறுத்திவைப்பது அன்றுமுதல் விலையுள்ள முடிவாயிற்று. ரோந்துக்குச் சிறு கப்பல்கள், துறைமுகத்தில் காத்திருக்கும் தாக்குதல் அணி, கான்வாய்க்குக் காவல் என்று பிரித்துச் சிந்திக்கும் தேவை அதிலிருந்தே பிறந்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரிய கப்பல் ஒன்றுக்கு மூன்று டெஸ்ட்ராயர் அல்லது இலகு குரூசர் துணை இல்லாவிட்டால் எதிரியின் டார்பிடோக்கள் உள்ளே புகும் என்பது அந்த விளையாட்டின் நல்ல விதி. கப்பல்களை இழந்து, காரணத்தை விளக்கக்குறிப்புகளில் தேடிய பிறகே பலர் அதை அறிகிறார்கள். கான்வாய் இழப்பும் அப்படித்தான்: எண் குறைகிறது, வலி தெரிவதில்லை.

எனவே கடற்போர் அமைப்பை வடிவமைப்பவர்கள் மூன்றைச் செய்ய வேண்டும். மூழ்கிய கப்பலில் என்ன இருந்தது, எந்த டிவிஷன் அதற்காகக் காத்திருந்தது என்று காட்டுங்கள். கணினி எதிரிக்கும் தன் கான்வாய்களைக் காக்கக் கற்றுக்கொடுங்கள். இல்லையேல் நீர்மூழ்கி குறுக்குவழியாகிவிடும். சோதனை ஆட்டத்தில் தோற்றவரிடம் ஏன் தோற்றீர்கள் என்று கேளுங்கள். அவரால் கடலில் ஓர் இடத்தைச் சுட்டிச் சொல்ல முடியாவிட்டால், அந்த அமைப்பை வெளியிடாதீர்கள்.